பச்சை வட்டம் போட்ட கிணறு

– மூடியைத் தொறக்க வேணாம் டெஸ்ட்டம்மா. நான் ஒண்ணு சொல்லட்டா? நீ பாட்டுக்கு நாற்காலியில உக்காரு. தண்ணிதானே வேணும்? உள்ளேருந்து புடிச்சுத் தர்றேன், எப்பவும் போல.

– இன்னிக்கு அது நடக்காதுக்கா. புதுசா ஒரு ஆபீசர் வந்திருக்காரு. தெருவுக்கு ஒரு கிணத்துலயாவது நானே பம்ப் எறக்கி எடுக்கணுமாம். அதைப் போட்டோ புடிச்சு அனுப்பணுமாம்.

– அந்த ஒண்ணு என் கிணறாத்தான் இருக்கணுமா?

– சுரங்கத்துக்குக் கிட்ட இருக்கறது உங்க வீடுதானே. உங்க பின்சுவரு, அதைத் தாண்டுனா மண்மேடு, அதுக்கப்புறம் நிலக்கரிக் குழி. நடுவுல வேற வீடே இல்லியே.

– போட்டோன்னா சொல்லியிருக்கலாம்ல? நல்ல சேலையா கட்டியிருப்பேன்.

– உங்கள இல்லக்கா. பம்ப்பை.

– அதானே, என்னை யாரு புடிக்கப் போறா. சரி, மொதல்ல டீ குடி.

– டீ அப்புறம். மூடிக்கு எதுக்குப் பூட்டுப் போட்டிருக்கீங்க?

– பூனை விழுந்துடும்.

– இரும்பு மூடியப் பூனை தூக்குமா?

– இந்தத் தெருப் பூனை தூக்கும். சாவி என் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. அவரு லாரியோட குழிக்குள்ள போயிட்டாரு. சாயங்காலம்தான் வருவாரு. நீ நாளைக்கு வாயேன்.

– நாளைக்குக் காலையில கூட்டம்க்கா. இன்னிக்கே டெஸ்ட் ரிசல்ட்டைக் குடுத்தாகணும். உங்க இடுப்புல தொங்குதே, அது என்ன சாவி?

– அது பீரோ சாவி.

– குடுங்க. போட்டுப் பாக்கறேன்.

– சேராதும்மா, வீணா பூட்டைக் கெடுக்காத.

– ஒரு நிமிஷம்... இதோ, தொறந்துடுச்சு.

– அடடே. அதுக்கும் சேருது போல.

– மூடியில பச்சை வட்டம் அடிச்சு ரெண்டு வருஷம் இருக்குமா? இன்னும் புதுசாட்டம் இருக்கே.

– துடைச்சு வெப்பேன். பச்சைன்னா குடிக்கலாம், சிவப்புன்னா தொடக்கூடாதுன்னு உங்க ஆபீஸ் ஆளு தெருவுல கத்திக் கத்திச் சொல்லிட்டுப் போனான். இந்தத் தெருவுல மொதப் பச்சை எனக்குத்தான். அடிச்ச அன்னிக்கு என் நாத்தனார் வந்து தொட்டுப் பாத்துட்டுப் போனா. விரல்ல ஒட்டிக்கிச்சு. நல்லா வேணும்னு விட்டுட்டேன்.

– கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மூடியத் தூக்கறேன்... என்னக்கா இது, இப்படி நாறுது?

– மூடியே கெடந்த கிணறு. மூச்சு விடுது.

– அழுகின முட்டை மாதிரி அடிக்குது.

– எதிர் வீட்டுல சாக்கடை அடைச்சிருக்கு. காத்து இந்தப் பக்கம் திரும்பினா நமக்கு வந்துடும்.

– காத்தே இல்லியே.

– அதான் நிக்குது.

– சரி, இந்த ஒயரைப் புடிங்க. குழாயை எறக்கறேன்.

– கரண்ட் இல்லியே இப்போ.

– பேட்டரி பம்ப்புக்கா.

– எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கான் உங்க ஆபீஸ்காரன். ஏம்மா, பம்ப்போட பிளாஸ்டிக் உறையையே இப்பத்தான் கிழிக்கறியா? புதுசா வாங்குனதா?

– ம். ஒயரை விடாம புடிங்க.

– தண்ணிதான் வந்துடுச்சே. புடிச்சுக்கிட்டுக் கிளம்பு.

– இப்போ வர்றது நின்ன தண்ணி. அது போகட்டும். அடியில ஊறி வர்றதைத்தான் புடிக்கணும். அதுதான் நெலத்தடித் தண்ணி என்ன சொல்லுதுன்னு காட்டும்.

– இதுக்கு முன்னாடி என்ன சொல்லுதுன்னு கேட்டதில்லியே நீ.

– வாளிய இப்படித் தள்ளுங்க. பாத்தீங்களா, வரும்போது தெளிவா வருது. நிக்க நிக்க மஞ்சளாகுது.

– வாளி பழசு. அதோட துரு.

– பிளாஸ்டிக் வாளிக்கா.

– அப்போ பாசியா இருக்கும்.

– ஒரு நிமிஷம். தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பைக் காட்டுற இந்த மீட்டர்ல ஏதோ கோளாறு. உங்க கிணறு எப்பவும் நூறைத் தாண்டாது. இப்போ ஆயிரத்தைத் தாண்டிப் போயிக்கிட்டே இருக்கு.

– கோளாறுதான். மெஷினை நம்பக்கூடாது. எங்க வீட்டு மிக்ஸி இப்படித்தான், திடீர்னு...

– ரெண்டாயிரம். அக்கா, நல்ல தண்ணி கொஞ்சம் குடுங்க. மீட்டரைக் கழுவிட்டு மறுபடி வெச்சுப் பாக்கறேன்.

– எந்தத் தண்ணி?

– ஏதாவது. நான் வந்ததும் குடிக்கக் குடுத்தீங்களே, டம்ளர்ல பாதி இருக்கே. அதையே எடுக்கறேன்.

– அதுல வெக்காத!

– ஏன்?

– அது... எச்சித் தண்ணி.

– என் எச்சிதானே. ஒரு நிமிஷம்.

– வேணாம்மா.

– தொண்ணூத்தி ஆறு.

– டம்ளரைக் குடு, கழுவி வெக்கறேன்.

– உங்க கிணறு மாசா மாசம் காட்டுற எண் இது. தொண்ணூறு, தொண்ணூத்தி அஞ்சு, நூறு. அக்கா, இந்த டம்ளர்ல இருக்கறது என்ன தண்ணி?

– குடிக்கற தண்ணி.

– எங்கேருந்து வந்தது?

– டீ ஆறுது.

– அக்கா.

– கேன்.

– கேன் தண்ணியா? இத்தனை நாளும் எனக்குப் பாட்டில்ல புடிச்சுக் குடுத்ததும் கேன் தண்ணியா?

– கத்தாத. சுவருக்கு அந்தப் பக்கம் என் கொழுந்தன் பொண்டாட்டி இருக்கா. அவளுக்குச் சுவருல காது இல்ல, காதுலதான் சுவரே நிக்குது.

– ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?

– நான் பண்ணலம்மா. அது அப்படியே ஆயிடுச்சு. மொத மொத நீ வந்த அன்னிக்கு நல்ல வெயில். வேர்த்து ஊத்துது உனக்கு. வாசல்ல நின்னுக்கிட்டு, "அக்கா, கொஞ்சம் தண்ணி வேணும்"ன.

– டெஸ்ட் பண்றதுக்குன்னு சொன்னேனே.

– அது பின்னாடி சொன்ன. மொதல்ல தண்ணின்னுதான் கேட்ட. வாசல்ல வந்து தண்ணி கேக்கற பொண்ணுக்கு இந்த மஞ்சத் தண்ணியவா குடுக்கறது? உள்ள ஓடிப்போயி கேன்லேருந்து மொண்டு வந்து குடுத்தேன். நீ குடிக்கல. பாட்டில்ல ஊத்தி மூடிக்கிட்ட.

– அப்பவே சொல்லியிருக்கலாம்ல?

– வாயெடுத்தேன். நீ பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தே. "எவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்கக்கா"ன்னே. நான் ஒண்ணு சொல்லட்டா? கல்யாணமாயி வந்த நாள்லேருந்து இந்த வீட்டை ஒருத்தரும் சுத்தம்னு சொன்னதில்ல. என் மாமியார் போற வரைக்கும் சொல்லல. நீ பாத்ரூம் கேட்டா முனைக்கடைக்கு அனுப்புவேனே, எதுக்குன்னு நெனச்ச?

– தாழ்ப்பாள் விழாதுன்னு சொன்னீங்க.

– தாழ்ப்பாள் நல்லாத்தான் விழும். தரை பூரா துருக்கறை. ஆசிட் ஊத்தித் தேய்ச்சா என் கைதான் போகுது, கறை போகல. இதைப் பாத்தா இவ என்ன பொம்பளன்னு நெனைப்பியா மாட்டியா? என் வீட்டுக்காரரு வெள்ளைச் சட்டை வாங்கறதே இல்ல. கேட்டா காக்கிதான் தனக்கு எடுப்பா இருக்காம். அவரு நெறத்துக்குக் காக்கி போட்டா ஆளே தெரியாது.

– தண்ணி கெட்டதுக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க? அது குழியிலேருந்து வர்றது. நிலக்கரியத் தோண்டத் தோண்ட அடியில இருக்கற கல்லு காத்துப் பட்டுப் புளிச்சு, இரும்பெல்லாம் கரைஞ்சு ஊத்துல சேருது. உங்க மேல என்ன தப்பு இருக்கு?

– அது உனக்குத் தெரியும். வீட்டுக்கு வர்றவங்களுக்குக் கறைதான் தெரியும்.

– இதைக் குடிக்கறீங்களா நீங்க?

– பின்னே?

– கேன் இருக்கே?

– கேன் உனக்கும் பாப்பாவுக்கும். நாங்க டீ போட்டா மை மாதிரி கறுத்துடும். நீ அந்த டீயைப் பாத்ததில்ல. உனக்குக் குடுக்கறது கேன் தண்ணி டீ. அதான் அந்த நெறம்.

– எந்தப் பாப்பா?

– என் கொழுந்தன் பொண்ணு. இதோ, சுவருக்கு அந்தப் பக்கம். பச்சை அடிச்சுட்டுப் போன மறுநாள் அவ சொம்போட வந்து நிக்கறா. "பெரியக்கா, பாப்பாவுக்குப் பால் கலக்க உங்க கிணத்துத் தண்ணி குடுங்க"ங்கறா. இல்லேன்னா ஏன் இல்லேம்பா. இருக்குன்னு இதையா குடுக்கறது? பச்சைப் புள்ள. உள்ள போயி கேன்லேருந்து ஊத்திக் குடுத்தேன். அன்னிலேருந்து அப்படியே ஓடுது.

– அவங்க வீட்டுக் கிணத்துலயும் பச்சைதானே அடிச்சிருக்கு?

– அடிச்சிருக்கு. ஆனா என் கிணத்துத் தண்ணிதான் ருசின்னுவா. அவளுக்கு எப்பவும் அடுத்தவ வீட்டுதுதான் ருசி. சில நாள் சொம்பு பத்தாதுன்னு குடத்தையே தூக்கிட்டு வந்துடுவா, பாப்பாவக் குளிப்பாட்டணுமாம். உன் வீட்டுல இருக்கறது பாப்பாவா யானைக்குட்டியாடின்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே நின்னா. குடுத்துத் தொலைச்சேன்.

– சிரிப்பா வருது உங்களுக்கு.

– அழுதா மட்டும் கிணறு தெளிஞ்சுடுமா?

– நாளைக்குக் கூட்டத்துல என்ன பேசப் போறாங்க தெரியுமாக்கா? குழியை இந்தப் பக்கமா இன்னும் வெட்டலாமா வேணாமான்னு. தெருவுல கிணறு கெட்டிருந்தா வெட்டக் கூடாது. வீட்டுக்கு வீடு குழாய் போட்டுக் குடுக்கணும். கெடலைன்னா ஒண்ணும் வேணாம், அவங்க பாட்டுக்கு வெட்டிக்கலாம். அதைச் சொல்றதுக்குத்தான் என்னை அனுப்பறாங்க. நான் எழுதற எண்ணை வெச்சுத்தான் எல்லாம்.

– அதை நீ எங்கிட்ட சொன்னியா?

– நான்...

– ஒருநாளாவது சொன்னியா? வருவே, உக்காருவே, பாட்டிலை நீட்டுவே. டீ சூப்பர்க்காம்பே. போயிடுவே. பச்சை அடிச்சா நல்லதுன்னு நெனச்சேன். பரீட்சைல பாஸான மாதிரி. ஃபெயிலானாத்தான் குழாய் வரும்னு எந்த ஊர்ல சட்டம்?

– நானே எறக்கி எடுத்திருக்கணும்.

– ஆமா. எடுத்திருக்கணும். நாற்காலி போட்டது நான். உக்காந்தது யாரு?

– பம்ப் கனம்க்கா. வண்டியிலேருந்து எறக்கி, குழாய் விட்டு, நின்ன தண்ணி போற வரைக்கும் வெயில்ல காத்துக்கிட்டு நிக்கணும். ஒவ்வொரு வீட்டுலயும். உங்க வீட்டுல நிழல் இருந்துச்சு. நீங்களே பாட்டிலை ரொப்பிக் குடுத்தீங்க. ஒரு தடவைதானேன்னு விட்டேன். அடுத்த தடவையும் ஒரு தடவைதானேன்னு.

– அந்தப் பிளாஸ்டிக் உறை...

– ஆமா. இன்னிக்குத்தான் கிழிச்சேன். வேலைக்குச் சேந்த அன்னிக்குக் குடுத்த பம்ப் அது.

– அட, மகராசி.

– நூறுன்னா மழைத்தண்ணி மாதிரிக்கா. பூமிக்குள்ளேருந்து வர்ற தண்ணி அவ்ளோ சுத்தமா வராது. எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். சந்தோஷம்தான் வந்துச்சு. சுரங்கத்துக்கு இவ்ளோ பக்கத்துல இப்படி ஒரு ஊத்தான்னு ஆபீஸ்ல பெருமையாச் சொன்னேன். எல்லாம் என் கையால எடுத்ததுன்னும் சொன்னேன்.

– சரி, மூக்கை உறிஞ்சாத. இந்தா, டீயக் குடி.

– வேணாம்க்கா.

– கேன் தண்ணி டீதான். பயப்படாத.

– அதனாலதான் வேணாம்.

– இப்போ என்ன பண்ணப் போற?

– ரெண்டாயிரத்தை எழுதினா, போன மாசம் நூறு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க.

– கேட்டா?

– வேலை போயிடும். உங்களையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. கூட்டத்துல எல்லார் முன்னாடியும்.

– எல்லாரும்னா? தெருவுமா?

– தெருவும்தான்.

– நான் எப்படிம்மா முழிப்பேன்? கேன் தண்ணிய ஊத்திக் கிணத்துத் தண்ணின்னு ஏமாத்துனவளாம்னு என் நாத்தனாரே ஊரு பூரா தம்பட்டம் அடிப்பா. இவ, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கறவ, என்னைத் தெய்வம் மாதிரி நெனைச்சுக்கிட்டு இருக்கா. உங்க கிணறு மாதிரி வருமா பெரியக்கான்னுவா.

– எனக்கும் அம்மா இருக்காங்கக்கா. என் பொண்ணு தண்ணி டாக்டர்னு சொல்லிக்கிட்டுத் திரியறாங்க.

– நான் ஒண்ணு சொல்லட்டா?

– சொல்லாதீங்க.

– பம்ப்பைப் போட்டோ புடி. அது நெசந்தானே? பம்ப் ஓடுது, தண்ணி வருது, மஞ்சளாகறதுக்கு முன்னாடி புடிச்சுடு. பாட்டில்ல மட்டும்...

– சொல்லாதீங்கன்னேன்.

– சரி. சொல்லல. வாளிய ஊத்திடட்டுமா? பாக்கவே கஷ்டமா இருக்கு.

– மத்த கிணறெல்லாம் நல்லா இருக்குக்கா.

– என்னது?

– இந்தத் தெருவுல மத்த கிணறெல்லாம். உங்களது முன்னாடி காட்டின மாதிரியேதான் காட்டுது. தெருவே பச்சை. ஒரு கிணறு கெட்டதுக்காகத் தெருவுக்குக் குழாய் போட மாட்டாங்க. அப்போ நான் ரெண்டாயிரம்னு எழுதுனாலும் அதனால யாருக்கும் ஒண்ணும் கிடைக்காது. நம்ம ரெண்டு பேரு மானம்தான் போகும்.

– அங்கெல்லாம் நீயே எறக்கி எடுத்தியா?

– அவங்கதான் புடிச்சுக் குடுத்தாங்க. ஆனா எல்லாரும் உங்கள மாதிரி இருப்பாங்களா?

– அதுவும் சரிதான். இந்தக் கூத்து எனக்குத்தான் வரும்.

– உங்க ஊத்துல மட்டும் ஏதோ கோளாறு. குழிக்கு ரொம்பக் கிட்ட இருக்குல்ல. உங்களுக்கு நான் தனியா ஒரு ஃபில்டருக்கு ஏற்பாடு பண்றேன். யாருக்கும் தெரிய வேணாம். நீங்க இதைக் குடிக்கறதை நிறுத்துங்க. பாப்பாவுக்குக் கேன் தண்ணியே குடுங்க.

– அப்போ பாட்டில்?

– கேனை எடுத்துட்டு வாங்க.

– டெஸ்ட்டம்மா...

– சீக்கிரம் எடுத்துட்டு வாங்கக்கா. நான் மனசு மாறறதுக்குள்ள.

– இதோ. நீயே ஊத்துறியா, நான் ஊத்தட்டுமா?

– நீங்க ஊத்துங்க. எப்பவும் போல.

– பாட்டில் வாயை ஆட்டாம புடி.

– புடிச்சுக்கிட்டேன்.

– போதுமா?

– போதும். மூடிட்டேன்.

– போட்டோ?

– எடுத்தாச்சு. பம்ப்பை நிறுத்தறேன். எப்பவும் உங்க வீட்டுல டீயக் குடிச்சுட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவேன். இன்னிக்கு நேரா போறேன். என் முகத்தைப் பாக்காதீங்கக்கா.

– நான் எங்கம்மா பாத்தேன். நான் தரையைப் பாத்துக்கிட்டு நிக்கறேன். இரு இரு, சுவருக்கு அந்தப் பக்கம் ஆளு நடமாட்டம். அவதான். மூடிக்குப் பின்னால குனிஞ்சுக்கோ. வாளிய மறை.

– பெரியக்கா! பெரியக்கா, இருக்கீங்களா?

– இருக்கேன்டி. கத்தாத.

– இல்ல, கேக்கறேன், டெஸ்ட் மேடம் வண்டி நிக்குதே. வந்துட்டாங்களா?

– வந்துட்டு... போன் பேசறேன்னு முனைக்குப் போயிருக்கா. நீ அப்புறம் வா.

– அப்புறம் வந்து என்ன பண்ண? அவங்க உங்க வீட்டுல டீ குடிக்கற நேரம்தான் எங்களுக்கு நேரம். இந்தாங்க, சுவரு மேல குடத்தை வெச்சிருக்கேன். உங்க கிணத்துத் தண்ணி ஒரு குடம். சீக்கிரம் பெரியக்கா.

– பாப்பாவக் குளிப்பாட்டவா?

– பாப்பாவாவது, குளிக்கறதாவது! உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுச் சொன்னது அது. எங்க கிணறு மஞ்சளாகி எவ்ளோ நாளாச்சு. வீடு தேடி வந்து பாட்டிலை நீட்டுறவங்ககிட்ட அதையா குடுக்கறது?

– மெல்லப் பேசுடி. நீயா அப்படி...

– நான் மட்டும் இல்ல. எதிர் வீடு, டெய்லர் வீடு, முனை வீடு, எல்லாருக்கும் இந்தக் குடத்துலேருந்துதான் பங்கு போகுது. எங்க வீட்டுப் பாட்டில், அவங்க வீட்டுப் பாட்டில், அத்தனையும் உங்க தண்ணிதான்.

– ஐயோ. போதும், வாயை மூடு.

– கோச்சுக்காதீங்க பெரியக்கா. உங்க கிணறு ஒண்ணு நல்லா இருக்கறதாலதான் இந்தத் தெருவோட மானமே தப்பிக்குது.